ஸ்டேஜ் 1 ரீமேப் செய்த டர்போ காருக்கு எந்த பிளக், எவ்வளவு கேப்?

கொங்கு_டர்போ (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. வண்டி ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, 2016 மாடல், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). ஸ்டேஜ் 1 ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றும் முதல் படி டியூனிங்) மட்டும்தான் செய்திருக்கிறது. இன்டேக், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் எல்லாம் கம்பெனியில் வந்தபடியே. பெட்ரோல் 95 ஆக்டேன்.

பிரச்சினை இதுதான்: மேனுவல் மோடில் 4-ஆவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் இருந்து முழுசாக மிதித்தால் 3,200-க்கும் 4,000-க்கும் நடுவே வண்டி உதறுகிறது. அதைத் தாண்டிவிட்டால் சுத்தமாக இழுக்கிறது. சாதாரணமாக ஓட்டும்போது எதுவும் தெரியவில்லை. ஸ்கேனரில் பி0300 (பொதுவான மிஸ்ஃபயர், அதாவது கலவை எரியாமல் விடுவது), பி0302 (2-ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்ற இரண்டு எரர் கோடுகளும் பதிவாகியிருக்கின்றன. பிளக் கடைசியாக எப்போது மாற்றியது என்று சர்வீஸ் பில்களில் இல்லை. கழற்றிப் பார்த்ததில் கம்பெனி பிளக், ஹீட் ரேஞ்ச் 7. புதுசில் கேப் (பொறி தாவும் இடைவெளி) 0.8 மி.மீ.

ஒரு படி கோல்ட் பிளக் போடச் சொல்கிறார் ஒருவர். கேப்பை 0.6-க்கு இறக்கினாலே போதும் என்கிறார் இன்னொருவர். ரீமேப் செய்த இடத்தில், டப்பாவில் வருவதை அப்படியே போடு என்கிறார்கள். எதைக் கேட்பது? இரிடியம் போடுவதா, சாதாரண காப்பர் போடுவதா?

மரை_பதினாலு:

முதலில், இது சரியாகும்வரை முழுசாக மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். ஒரு செட் பிளக் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே. செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம் கேப்பைத்தான் காட்டுகிறது. பொறி தாவுவதற்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இடைவெளி, அந்த நொடியில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம். இரண்டில் எது கூடினாலும் வோல்டேஜ் கூட வேண்டும். ரீமேப்பில் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியிருக்கிறது. டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்மில்தான் சிலிண்டர் அதிகம் நிரம்பும். உங்கள் வண்டியில் அது நீங்கள் சொன்ன 3,200–4,000 பகுதியில் விழுகிறது போலிருக்கிறது. அதற்கு மேலே போகப் போக ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும் காற்று குறைகிறது, அதனால் உதறல் நின்றுவிடுகிறது. காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது) செத்திருந்தால் பெரும்பாலும் ஐடிலிலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாக் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வந்து ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) பொறி வரும் டைமிங்கைப் பின்னால் தள்ளினால், பொறி வரும்போது பிஸ்டன் இன்னும் மேலே ஏறியிருக்கும், அழுத்தமும் கூடியிருக்கும். அதாவது வேண்டிய வோல்டேஜ் இன்னும் ஏறும். அதனால் பெட்ரோல் மட்டமாக இருந்தாலும் பிளக் மிஸ் அடிக்கிற மாதிரியே தெரியும். 95-க்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றி ஓட்டக் கூடாது.

பழைய பிளக்கின் கேப்பை அளந்து பாருங்கள். தேய்ந்த பிளக்கில் 0.8 என்பது 0.95, 1.0 என்று விரிந்திருக்கும். முனைகளும் மழுங்கியிருக்கும். கூர்மையான விளிம்பில் இருந்து பொறி எளிதாகத் தாவும், மழுங்கிய விளிம்பில் இருந்து தாவாது. எனவே கோல்ட் பிளக் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அதே குறியீட்டில் புது பிளக் நான்கு வாங்கி 0.7-க்கு வைத்துப் போடுங்கள். இந்த வண்டிக்கு ஸ்டேஜ் 1-இல் 0.7-தான் என் பதில்.

0.6-க்கு ஏன் போக வேண்டாம் என்றால், பொறி சின்னதானால் தீ பிடிக்கும் கருவும் சின்னதாகும். ஐடிலில் லேசான நடுக்கம், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது தடுமாற்றம், மெதுவான ஓட்டத்தில் சோம்பல் எல்லாம் அதன் விலை. மிஸ் அடிக்காத வரைக்கும் எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலம். அதுதான் கணக்கு. பெரிய டர்போ போட்டு பூஸ்டை நன்றாக ஏற்றிய வண்டிக்கு 0.6, 0.55 என்பதெல்லாம் நியாயமே. உங்களுடையது அந்த ரகம் இல்லை.

பிளக் வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று: 2-ஆவது சிலிண்டர் காயிலை 3-க்கும், 3-இனுடையதை 2-க்கும் மாற்றுங்கள். எரர் கோடை அழித்துவிட்டு, முழுசாக மிதிக்காமல் முக்கால் மிதியில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். கோடு பி0303 ஆகிவிட்டால் காயில். பி0302-ஆகவே நின்றால் பிளக், அல்லது இன்ஜெக்டர். காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றிப் போடாதீர்கள், எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

சூட்டுக்கோல்:

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஹீட் ரேஞ்ச் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் பணம் விடுகிறார்கள்.

ஹீட் ரேஞ்ச் என்பது பொறியின் சூடு இல்லை. பிளக்கின் முனை தன்மேல் விழும் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான். உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் கோல்ட் பிளக். முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டிப் போனால் முனையே தணலாகி, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். இந்த இரண்டு எல்லைக்குள் உங்கள் ஓட்டத்தில் முனை நிற்கிறதா என்பதே கேள்வி.

கம்பெனி சக்திக்கு மேல் 75 முதல் 100 குதிரைசக்தி கூடினால் ஒரு படி கோல்ட் என்பது பிளக் தயாரிப்பாளர்களே சொல்லும் பொதுவான கணக்கு. உங்கள் வண்டி 180-இல் ஆரம்பித்தது. ஸ்டேஜ் 1-இல் 40, 50 ஏறியிருக்கும். அந்தக் கணக்கை இன்னும் எட்டவில்லை. 7 என்பது ஏற்கெனவே நல்ல கோல்ட் பக்கம்தான். அதில் 8 போட்டு காலையில் நகரத்துக்குள் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று ஓட்டினால் முனை சூடேறவே ஏறாது. நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின் இயல்பிலேயே கரி தள்ளும். அந்தக் கரி பீங்கான்மேல் படிந்தால் மின்சாரம் கேப்பைத் தாண்டாமல் கரி வழியாகவே ஹெட்டுக்கு இறங்கிவிடும். அப்போதும் மிஸ்தான் அடிக்கும், நீங்கள் கேப்பைக் குறை சொல்வீர்கள்.

டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்), இன்டர்கூலர், பெரிய டர்போ என்று போகும்போது, அல்லது டிராக்கில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டும்போது 8 போடுங்கள். அப்போது அது அவசியம்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒன்று: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கோல்ட். பாஷ், சாம்பியனில் தலைகீழ், எண் குறைந்தால் கோல்ட். டென்சோ 22 என்பது என்ஜிகே 7-க்குச் சமம், 24 என்பது 8-க்கு, 27 என்பது 9-க்கு. “8 கொடுங்க” என்று மட்டும் கேட்டு பாஷ் வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கொங்கு_டர்போ:

ரொம்ப நன்றி அண்ணா. பழைய பிளக்கை அளந்தேன்: 0.90, 1.00, 0.95, 0.90. இரண்டாவதுதான் 1.00. காயில் மாற்றியும் எரர் கோடு 2-இலேயே நிற்கிறது.

இங்கே ஸ்பேர் கடையில் என்ஜிகே பிகேஆர்7ஈஐஎக்ஸ்-11 கையிருப்பில் இருக்கிறது, நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். அதிலும் 7 இருக்கிறதே, கேப்பை மட்டும் 0.7-க்கு அழுத்திப் போட்டுக்கொள்ளலாமா? ஃபீலர் கேஜ் இருக்கிறது, வேறு கருவி இல்லை.

மரை_பதினாலு:

கூடாது தம்பி, இரண்டு காரணத்துக்காக.

குறியீட்டைப் பிரித்துப் பாருங்கள். ‘பிகே’ என்றால் 14 மி.மீ. மரை, 16 மி.மீ. ஸ்பேனர் அளவு. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 7 ஹீட் ரேஞ்ச். அடுத்து வரும் ‘ஈ’தான் முக்கியம்: மரையின் நீளம் 19 மி.மீ. உங்கள் பழைய பிளக்கைக் கையில் வைத்து மரை நீளத்தை அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. நீளம் குறைந்த பிளக் ஹெட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கீழே காலியாக நிற்கும் மரையில் கரி இறுகும், அடுத்த முறை சரியான பிளக்கை இறக்கும்போது மரை உரியும். நீளம் கூடிய பிளக் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். ஹீட் ரேஞ்ச் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வண்டிக்குரிய குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கடைசியில் இருக்கும் -11 என்றால் 1.1 மி.மீ. கேப். அதை 0.7-க்குக் கொண்டுவர 0.4 மி.மீ. வளைக்க வேண்டும். அவ்வளவு வளைத்தால் மேலே வளைந்து நிற்கும் எர்த் கம்பி நடு முனைக்கு இணையாக இருக்காது, சாய்ந்துவிடும். பொறி ஒரே ஓரத்தில் விழும், அந்த ஓரம் சீக்கிரம் தேயும். 0.2 மி.மீ.க்கு மேல் எந்தப் பக்கமும் வளைக்காதீர்கள். 0.8-இல் வருவதை 0.7 ஆக்குவது 0.1 மட்டுமே, அது பாதுகாப்பானது.

கருவி விஷயம். நாணயம் மாதிரி வட்டமாக, ஓரம் சரிவாக இருக்கும் கேஜ் ஒன்று விற்கிறார்கள். அதைக் கேப்பில் செருகிச் சுற்றுவது தடித்த நிக்கல் முனைக்குத் தாங்கும். இரிடியம் முனை 0.6 மி.மீ. தான், சில டென்சோ பிளக்கில் 0.4. கடினமான உலோகம், ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் பொட்டென்று ஒடியும். வெளியே தெரியாமல் விரிசல் விட்டாலும் போச்சு. எனவே அந்த வட்டக் கேஜை இரிடியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் ஃபீலர் கேஜ் போதும். நான்கையும் டப்பாவிலிருந்து எடுத்தவுடன் முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கம்பெனியில் இருந்து வருவது எல்லாம் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, எர்த் கம்பியின் முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். ஒரு தட்டு, ஓர் அளவு. 0.70 தகடு லேசான உரசலோடு நுழைய வேண்டும், 0.75 நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் அந்த பிளக் முடிந்தது. தகடு நுழையவில்லை என்றால் தள்ளாதீர்கள். அதிகம் தட்டி கேப் 0.65 ஆகிவிட்டால் திறப்பதற்கு எர்த் கம்பியை மட்டும் பிடித்து இழுக்கும் கருவி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நடு முனையில் முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் உடையும்.

கடைசியாக, கேப்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஆப்பு வடிவில் தெரிந்தால் கம்பி சாய்ந்திருக்கிறது. கையிலிருந்து தரையில் விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், போடாதீர்கள்.

பெட்ரோல்_பங்க்_பின்புறம்:

இரிடியமா காப்பரா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

காப்பர் என்று நாம் சொல்வதில் நடுத்தண்டுக்குள் மட்டும்தான் செம்பு. இரிடியம் பிளக்கிலும் உள்ளே செம்புதான். வித்தியாசம் முனையில்: ஒன்றில் 2.5 மி.மீ. தடிமனுள்ள நிக்கல், இன்னொன்றில் ஊசி மாதிரி இரிடியம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400-க்கு மேல். முனை மெல்லிசாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். டர்போ வண்டிக்கு அதுதான் வேண்டும். அதனால் காப்பர்தான் பவர் கொடுக்கும் என்று வழக்கமாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

ஆனால் காப்பருக்கு ஒரு நியாயம் உண்டு. விலை குறைவு, கேப் வைப்பது எளிது, டியூனிங் நடந்துகொண்டிருக்கும்போது அடிக்கடி மாற்றலாம். மேப்பைத் திருத்தி, ஓட்டி, கழற்றிப் பார்த்து, மறுபடி திருத்துகிறவர்களுக்கு காப்பர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் நிக்கல் சீக்கிரம் தேய்ந்து கேப் விரியும். மேப் முடிவாகிவிட்ட தினசரி வண்டிக்கு இரிடியமோ பிளாட்டினமோ போடுங்கள். ஆனால் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை விட்டு வைக்காதீர்கள். ரீமேப் வண்டிக்கு அதில் பாதியில் மாற்றுவதுதான் நல்லது. நடுவில் ஒருமுறை கழற்றி கேப் அளந்தால் இன்னும் நல்லது.

எதை வாங்கினாலும் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் அதன் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பும். மல்டிமீட்டரில் மேல் முனைக்கும் நடு முனைக்கும் வைத்துப் பார்த்தால் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. போலி பிளக்கும் சந்தையில் நிறைய. பீங்கான்மேல் எழுத்து மங்கலாக இருந்தாலோ, நடு முனை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தாலோ, வாஷர் தானாகக் கழன்று கையோடு வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சூட்டுக்கோல்:

மாட்டும்போது கெடுப்பவர்கள்தான் அதிகம், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்து மண், தூசி எல்லாம் வெளியேற்றிவிட்டு அப்புறம் பிளக்கைத் திருகுங்கள். குழிக்குள் எண்ணெய் நின்றால் மேலே சீல் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் புது பிளக் போட்டுப் பயனில்லை, எண்ணெய் காயிலின் பூட்டை (பிளக்கின் மேல் மூடி நிற்கும் ரப்பர் உறை) ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாதீர்கள். நல்ல பிளக்கின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் அதே எண்ணில் கிளிக் ஆகும்போது உண்மையில் மூன்றில் ஒரு பங்கு வரை அதிகமாக முறுக்கியிருப்பீர்கள். பிளக் உடம்பு இழுபட்டு, உள்ளே பீங்கானுக்கும் உலோகத்துக்கும் உள்ள பிடிப்பு தளரும், சூடு இறங்கும் வழியும் கெடும்.

வெறும் கையால், எக்ஸ்டென்ஷனை மட்டும் பிடித்துத் திருகி உட்கார வையுங்கள். ராட்செட் அப்புறம். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கையால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. அது புது வாஷருக்கு மட்டும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்கு மிக லேசாகத் திருகினாலே போதும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான். பிளக் ஹெட்டோடு ஒட்டாவிட்டால் சூடு இறங்காமல் 7 நம்பர் பிளக்கும் ஹாட் பிளக் மாதிரி நடந்துகொள்ளும்.

பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பாருங்கள். பீங்கான் மேல்பகுதியில், உலோகத்தை ஒட்டி பழுப்பு வளையம் இருந்தால் அது கேஸ் ஒழுகல் இல்லை. காற்றில் உள்ள எண்ணெய்த் துகள் மின்புலத்தில் ஒட்டிய கறை, பயப்பட வேண்டாம். ஆனால் அதே பீங்கானில் நெடுக்காக கறுப்புக் கோடு இருந்தால் பொறி வெளிப்பக்கமாகவே இறங்கியிருக்கிறது. பிளக்கோடு காயில் பூட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பிளக்கிலும் அதே கோடு வரும். மூக்கில் மிளகுத்தூள் தூவியது போல கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினிய மணிகளோ தெரிந்தால் நாக் நடந்திருக்கிறது. அப்போது பிளக்கை விட்டுவிட்டு மேப் எழுதியவரிடம் போங்கள். செங்கல் நிறத்தில் படிந்திருந்தால் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றுகிறீர்களா என்று யோசியுங்கள். ஃபெரோசின் கலந்த பூஸ்டர் இரும்புத் துகளைப் படியவைக்கும், சூடேறினால் அது மின்சாரம் கடத்தும். நல்ல பிளக்கையும் அது கொன்றுவிடும்.

கொங்கு_டர்போ:

இரண்டாவது பிளக்கில் நெடுக்காக மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறது! மற்ற மூன்றில் பழுப்பு வளையம் மட்டும். ஆக்டேன் பூஸ்டர் ஊற்றுவதில்லை. சேஸிஸ் எண் கொடுத்து அதே குறியீட்டில் ஆர்டர் போட்டுவிட்டேன், 0.7 வைக்கிறேன். அப்படியும் உதறினால் 0.6-க்கு இறங்கலாமா?

மரை_பதினாலு:

அந்தக் கறுப்புக் கோடு இருந்தால், 2-ஆவது சிலிண்டரில் முதலில் இருந்த காயிலின் பூட் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், அதே இடத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தடம் இருக்கும். நீங்கள் காயிலை மாற்றிப் பார்த்தபோது எரர் கோடு நகராததற்குக் காரணம், தடம் பீங்கானிலும் இருக்கிறது. ஆனால் பூட்டிலும் தடம் இருந்தால் அந்தக் காயில் இப்போது 3-இல் உட்கார்ந்துகொண்டு அங்கேயும் கறுப்புக் கோடு போட ஆரம்பிக்கும். புது பிளக் மாட்டும் அன்றே பூட்டையும் மாற்றுங்கள். தனியாகக் கிடைக்காவிட்டால் காயிலோடு மாற்றுங்கள். பூட்டின் உள்வாயில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாக ஒரு சுற்று தடவினால் போதும், உலோக முனையில் வேண்டாம்.

மாட்டியதும் ஸ்கேனரில் சிலிண்டர்வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு அதே 4-ஆவது கியரில் ஏற்றுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் அது மிஸ் இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. உங்கள் 7 கியர் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டருக்குச் செய்தது, ரீமேப் அதைத் தாண்டியிருக்கும்.

எண்ணிக்கை ஒரே சிலிண்டரில் ஏறினால் அந்தக் காயில் அல்லது இன்ஜெக்டர். நான்கிலும் பரவலாக ஏறினால் 0.65 வரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அதற்கும் கேட்காவிட்டால் கேப்பை மேலும் இறக்காதீர்கள், அது நோயை மறைக்கும் வேலை. பூஸ்ட் பைப் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று புகை விட்டுப் பாருங்கள். முழு மிதியில் பெட்ரோல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம் எவ்வளவு கேட்கப்படுகிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று இரண்டையும் சேர்த்து லாக் எடுங்கள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 3,200-க்கு மேல் பள்ளம் விழுந்தால் கலவை வறண்டு மிஸ் அடிக்கிறது, எந்த பிளக் போட்டாலும் அது நிற்காது. லாக்கை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.